வெள்ளி ரயிலில் கொண்டுபோன தந்தி

எழுபதுகளில மெல்பேர்ணில வெள்ளி ரயில் ஓடத் தொடங்கேக்க சனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அதுவரைக்கும் மரப்பெட்டிச் சிவப்பு ரயிலும் அதுக்குப் பின்னால வந்த நீல ரயிலும்தான். இதுக்கு ஒரு சொட்டுப் பெயின்ற் இல்லை, முழுக்கத் துருப்பிடியாத இரும்பு. பெட்டி கட்டினது இங்க, மோட்டரும் மின்சாமான்களும் ஜப்பான். சனம் கதவைக் கையால இழுத்துத் திறக்கோணும். மூடுறது மட்டும் காத்தழுத்தத்தில, பின்பெட்டியில இருந்து கார்ட் மூடுவார். அந்தக் கார்ட்மாரில நானும் ஒருத்தன்.

சிவப்பு ரயிலில வெயில்காலம் கதவைத் திறந்துபோட்டு நிண்டு பழகின ஆக்கள் இதிலயும் காலைக் குடுத்து மறிப்பினம். கோதாரி, நான் தமிழில கத்தினாலும் காலை எடுப்பினம், அப்பிடி ஒரு குரல் எனக்கு. வாயும் கையும் பொறுக்காத ஆள் நான். மற்றவைக்கு எது நல்லதெண்டு நானே முடிவெடுத்துப்போடுவன்.

ஸ்பிரிங்வேலில என்னோட ஒரே வீட்டில இருந்தவன் என்ர ஊர்க்கூட்டாளி. தாய்க்கு ஒரே பிள்ளை, தகப்பன் இல்லை. ரயில் ட்றைவருக்குப் படிச்சுக்கொண்டிருந்தான். ட்றைவராகினாப் பிறகு அம்மாவை இங்க கூப்பிடுறதெண்டு நாளுக்கு நாலுதரம் சொல்லுவான். சிவப்பு ரயிலில அவனை ஆரும் குறை சொல்லேலாது. வெள்ளி ரயிலின்ர பிரேக் வேற மாதிரி, தொட்டவுடன கேக்கும். அதால முதல் சோதினையில ரயிலை முந்தியே நிப்பாட்டி, கடைசிப் பெட்டி பிளாட்போமுக்கு வெளியில நிண்டுபோச்சு. இரண்டாம் தரமும் தவறினால் திரும்பவும் பிளாட்போம் கூட்டுற வேலைதான் எண்டு சொல்லிப்போட்டினம்.

அந்த இரண்டாம் சோதினைக்கு முதல்நாள் பின்னேரம் தந்தி வந்தது. எங்கட வீட்டில ஆர் நிக்கிறாரோ அவர் உடைக்கிறதுதான் வழக்கம். நான் உடைச்சன். அவன்ர அம்மா காலமாகிப்போனா.

குசினிக் கதிரையில இருந்துபோட்டன். அவவின்ர கையால நானும் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறன்! பேந்து யோசிச்சன். இண்டைக்கு வெளிக்கிட்டாலும் இவன் போய்ச்சேர முதல் செத்தவீடு முடிஞ்சிடும். சோதினை நாளைக்குக் காலமை. இப்ப சொன்னால் அவன் தாயோட சேர்த்து வேலையையும் இழந்துபோவான். நாளைக்கு மத்தியானம் சொல்லுவம். ஒருநாளில என்ன குறையப்போகுது எண்டு தந்தியை மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றில வைச்சன்.

அவன் வந்து, மேசையில இருந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதினான். "என்னடா, உனக்குச் சோதினை மாதிரி முழிக்கிறாய்?" எண்டு என்னைப் பகிடி பண்ணினான். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டன், நல்லகாலம்.

அடுத்தநாள் அவன்ர ரயிலுக்குக் கார்ட் நான்தான். முன்னுக்கு அவனும் சோதிக்கிற அதிகாரியும், பின்னுக்கு நானும் தந்தியும். ஒவ்வொரு ஸ்டேஷனிலயும் நான் கதவை மூடி மணி அடிச்சால்தான் அவன் எடுக்கலாம். ஓக்லி, கிளேற்றன், வெஸ்ற்றோல், எல்லாத்திலயும் மணி அடிச்சன். தாயில்லாத பிள்ளையைப் போ, போ எண்டு துரத்துற மாதிரி இருந்தது. அவனோ ஒவ்வொரு இடத்திலயும் அச்சொட்டா நிப்பாட்டினான்.

டண்டினோங்கில இறங்கி என்னட்டை ஓடிவந்தான். பாஸ். நான் தந்தியைக் குடுத்தன். பிளாட்போம் வாங்கில குந்தியிருந்து வாய்விட்டு அழுதான். கொஞ்ச நேரத்தால என்ர கையைப் பிடிச்சு, "நீ செய்ததுதான் சரியடா. தெரிஞ்சிருந்தால் நான் ஓட்டியிருக்கமாட்டன்" எண்டான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்டைக்கே ஊருக்குத் தந்தி அடிச்சான்.

ரெண்டு கிழமையால அவன்ர சித்தப்பாவிட்டை இருந்து கடிதம் வந்தது. என்னை இருத்தி வைச்சு வாசிச்சான்.

"ஒரே மகன் நீ. வர ஏலாட்டி கொள்ளியை ஆரிட்டைக் குடுக்கிறதெண்டு ஒரு சொல் சொல்லுவாய் எண்டு பிரேதத்தை ரெண்டு நாள் வைச்சிருந்தம். தபால்கந்தோருக்கு ஆள் மாறி ஆள் ஓடினாங்கள். இந்த வெக்கைக்கு அதுக்கு மேல வைச்சிருக்க ஏலேல்லை. உன்னைக் கேளாமலே நான் கொள்ளி வைச்சிட்டன், மன்னிச்சுக்கொள். உன்ர தந்தி வந்து சேரேக்க சாம்பலும் அள்ளியாச்சு."

நானும் அந்த ஊரில பிறந்தவன்தானே! வெளியூரில மகன் இருந்தால் அவன்ர சொல்லுக்குப் பாத்திருப்பினம் எண்டு எனக்குத் தெரியாதா? தெரியும். சோதினை என்ர கண்ணை மறைச்சுப்போட்டுது. விசரன், நான் ஒரு விசரன்.

"மச்சான், நான்..." எண்டு தொடங்கினன். அவன் என்னைத் திட்டேல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பன்.

"அம்மா என்ர ஒரு சொல்லுக்காக ரெண்டு நாள் பாத்துக்கொண்டு கிடந்திருக்கிறா" எண்டான்.