வெங்காயத் தோலும் மூடிய சன்னல்களும்

அந்த மரப்பெட்டியைத் திறந்தால் முதலில் 'அந்துருண்டை' வாசனை வரும், அதன் பின்னால் ஈரம் பிடித்த வெல்வெட்டின் முடை நாற்றம். இன்றைக்கும் யார் வீட்டிலாவது பழைய பட்டுப்புடவைப் பெட்டியைத் திறந்தால் நான் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவேன். பெட்டிக்குள் இருந்தது பிரெஞ்சுக்காரர் காலத்துப் பித்தளை மைக்ராஸ்கோப். முதலியார்பேட்டையில் நான் எட்டாவது படித்த பள்ளிக்கூடத்தில் அது ஒன்றுதான் கருவி என்று சொல்லத்தக்கது. வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் அலமாரியில் பூட்டிக்கிடக்கும், ஒரு நாள் வெளியே வரும்.

அந்த ஒரு நாளிலும் முதல் வேலை சன்னல்களைச் சாத்துவது. மொத்தம் ஆறு சன்னல். பள்ளிக்குப் பின்னாலேயே மில் என்பதால் பஞ்சுத் தூசு பறந்துகொண்டே இருக்கும்; அது கருவிக்குள் போய்விடக்கூடாது என்பது விஞ்ஞான வாத்தியாரின் கவலை. அவரை நாங்கள் பழைய பிரெஞ்சு வழக்கப்படி 'முசே' என்றுதான் கூப்பிடுவோம். நாற்பத்து மூன்று பேர் வரிசையில் நிற்க, ஒவ்வொருவரும் குனிந்து வெங்காயத் தோலைப் பார்க்கும்போது ஒன்றிலிருந்து ஐந்துவரை உரக்க எண்ணுவது என் வேலை. வரிசையில் முதல் ஆளும் நான்தான். குனிந்தேன், கும்மிருட்டு, ஓரத்தில் என்னுடைய கண்ணிமை மயிர் மட்டும். நிமிர்ந்து "தெரியுது முசே" என்றேன். எனக்குப் பின்னால் பதினேழு பேர் அதையே சொன்னார்கள்.

பத்தொன்பதாவது ஆள் கலியமூர்த்தி, மில் தொழிலாளியின் மகன், என் பெஞ்சுக்காரன். நான் ஐந்து எண்ணிய பிறகும் அவன் நிமிரவில்லை.

"கருப்பா இருக்குது முசே."

"நல்லா பாருடா."

"பாத்துட்டேன் முசே. கீழ ஒரு கண்ணாடி இருக்குது பாருங்க, அதுக்கு வெளிச்சம் வேணும். ஒரு சன்னல தொறந்தாக்கூட போதும்."

"பஞ்சு உள்ள பூந்துட்டா உங்கப்பன் வந்து தொடைப்பானா? மில்லுல அதானே பண்றான்!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மீதி இருபத்து நான்கு பேருக்கும் வெங்காயத் தோலின் செல்கள் தெளிவாகத் தெரிந்துவிட்டன.

வீட்டுக்குப் போய் எல்லோரும் பாடப்புத்தகத்துப் படத்தைப் பார்த்துச் செய்முறை நோட்டில் செங்கல் செங்கலாக வரைந்தோம். கலியமூர்த்தி ஒரு வட்டம் போட்டு, உள்ளே முழுக்கப் பென்சிலால் கறுப்பாக்கி, 'நான் கண்டது' என்று கீழே எழுதினான். முசே அதன்மேல் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். செல் வரைந்தால்தான் கையெழுத்து. கையெழுத்து இல்லாவிட்டால் முழுப் பரீட்சை எழுத முடியாது. பரீட்சைக்கு எட்டு நாள் இருந்தது. ஏழு நாள் அவன் வரையவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் அவன் அப்பா தலைமயிரில் பஞ்சோடு அவனையும் இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "எல்லாருந்தான் எழுதியிருக்காங்க, நீ எழுதினா மட்டும் கை தேஞ்சிடுமாடா? மில்லுக்கு வர்றேன்னு சொல்லு, நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்" என்று அவனைத் திட்டிவிட்டு, நோட்டை என்னிடம் நீட்டினார். "தம்பி, நீயாவது வரைஞ்சு குடுப்பா."

வரைந்து கொடுத்தேன். இருபத்து நான்கு செல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு புள்ளி. கலியமூர்த்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் முசே 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவன் பரீட்சை எழுதினான், தேறினான், என்னோடு பதினொன்றாவதுவரை படித்தான். அந்த மூன்று வருஷத்தில் வகுப்பில் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சன்னலைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

போன மாதம் பேத்தியின் பள்ளியில் புது 'ஸ்மார்ட் கிளாஸ்' பார்க்க வரச்சொன்னார்கள். சுவரளவு திரை, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். காலை வெயில் நேராகத் திரையில் விழுந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் ஒரு மாணவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து வெள்ளைப் பளபளப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. செல்லைப் பற்றிய படம் நான்கு நிமிஷம் ஓடியது. டீச்சர் ஓரிடத்தில்கூட நிறுத்தி ஒரு கேள்வி கேட்கவில்லை. முடிந்ததும் "எல்லாருக்கும் தெரிஞ்சுதா?" என்றார். "தெரிஞ்சுது மிஸ்" என்று முப்பத்தெட்டுக் குரல்.

"உனக்குத் தெரிஞ்சுதாம்மா?" என்று பக்கத்துப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இல்ல தாத்தா. தெரியலன்னா மறுபடியும் மொதல்லேர்ந்து போடுவாங்க, எல்லாரும் என்னைத் திட்டுவாங்க. புக்குல படம் இருக்குது, விடுங்க."

கை தூக்கினேன். "இங்கேர்ந்து ஒண்ணும் தெரியலம்மா. அந்தச் சன்னல் திரைச்சீலைய இழுத்து விட்டா தெரியும்."

டீச்சர் சிரித்த முகத்தோடு வந்தார். "வயசாயிடுச்சு இல்லீங்களா ஐயா, கண்ணு அப்படித்தான் இருக்கும். முன்னாடி வந்து உக்காருங்க."

இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன், பிள்ளைகள் சிரித்தார்கள். மில் போய்விட்டது, அந்தப் பள்ளிக்கட்டடம் இப்போது கல்யாண மண்டபம், மைக்ராஸ்கோப் எந்தப் பழைய பித்தளைக் கடையில் எடைக்குப் போனதோ தெரியாது. 'தெரியல' என்ற சொல்லுக்குக் கோபப்பட்ட வாத்தியாரும் இல்லை. அவர் காதிலாவது அது விழுந்தது. டீச்சர் கையைப் பிடித்துப் பக்குவமாக அழைத்துப்போக, நான் முதல் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அடுத்த படம் ஓடியபோது அங்கே எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அந்தப் பெண் கடைசி பெஞ்சிலேயே இருந்தாள்.