படகில் போனது அக்கா

ஜப்பானின் ஒனோமிச்சித் துறைமுகத்தில் ஷிகே வாயைத் திறந்தால் கடற்காகம்கூட எழுந்து பறக்கும் என்பார்கள். மீன் ஏலம் போட்டுப் பழகிய தொண்டை அது. ஊமைப்படக் கொட்டகையில், திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லும் வேலைக்கு அவள் வந்ததும் அந்தத் தொண்டையால்தான். அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. "அப்புறம்" என்று கதை சொல்லமாட்டாள். "அதனால" என்றுதான் சொல்வாள். காரணமில்லாமல் படத்தில் ஒரு நாய் குரைத்தால்கூட அவளுக்குப் பொறுக்காது.

முதலாளி குராமொச்சிக்கோ ஒசாகாக் கதைசொல்லி ஒருவர்மேல் ஆசை. "இன்னிக்குப் புதுப்படம். ஜனங்க முகம் சுளிச்சா நாளையிலேர்ந்து அவர்தான். தப்பா நெனச்சுக்காதேம்மா" என்று சொல்லிவிட்டார். ஷிகேவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மேடைதான் அவளுக்கு உலகம்.

பக்கத்து ஊர்க் கொட்டகையில் ஓடி முடியும் படச்சுருள்களை ஒவ்வொன்றாக மாகோபே சைக்கிளில் கொண்டுவருவான். அன்று கடைசி இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்தவன், அவசரத்தில் வரிசை மாற்றிக் கொடுத்துவிட்டான்.

காதலர்கள் சந்தித்த கையோடு, திரையில் முக்காடிட்ட மணப்பெண் ஒருத்தி படகில் போகிறாள். கரையில் நாயகன் அழுதுகொண்டே கொண்டை ஊசியை ஆற்றில் எறிகிறான். ஐயோ, ஷிகே கதைக்குறிப்பில் படித்த கடைசிக் காட்சியல்லவா இது!

"ஏன் அழறான்? யாரு அந்தப் பொண்ணு?" பாயில் உட்கார்ந்திருந்த கயிற்று வியாபாரி கத்தினார். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"உங்களுக்கு அவ முகம் தெரியுதா? தெரியலைல்ல? அவனுக்கும் தெரியல! தன் ஆளுதான்னு நெனச்சுட்டான், மடையன். போறது அவளோட அக்கா!" என்றாள் ஷிகே.

கொட்டகையே கொல்லென்று சிரித்தது. அடுத்து, விட்டுப்போன சுருள் ஏறியது. நாயகன் கடையில் கொண்டை ஊசி வாங்குகிறான்.

"இருந்ததை ஆத்துல போட்டானா? அதனால புதுசு வாங்குறான்! வாங்கட்டும், அப்பவாவது புத்தி வரட்டும்!"

காதலியின் கூந்தலில் அவன் அதைச் செருக, அவள் சிரிக்க, படம் முடிந்தது. கயிற்று வியாபாரி எழுந்து நின்று கைதட்டினார். ஷிகேவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மறுநாள், நேற்றுப் பார்த்தவர்களே வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். குராமொச்சி வாசலிலேயே மாகோபேயை மறித்தார்.

"கடைசி ரெண்டையும் மாத்திக் குடுடா."

"நேத்து அதுக்குத்தானே முதலாளி திட்டுனீங்க?"

"நேத்து ஊரே சிரிச்சுது. அதனால இன்னிக்கும் மாத்திக் குடு. அதனாலதான் ஒசாகாக்காரருக்கும் வரவேண்டாம்னு தந்தி அடிச்சாச்சு!"

உள்ளேயிருந்து ஷிகே சிரித்த சிரிப்பு துறைமுகம்வரை கேட்டது.