எல்லைக்கல்லில் ஒரு சில்லு

இன்று என் ஆய்வக வகுப்பில் ஒரு மாணவி சுண்ணாம்புக்கல் மேல் அமிலத்தைச் சொட்டினாள். சர்ரென்று நுரைத்தது. மூக்கைக் கடிக்கும் அந்த நெடி என்னைக் கல்லூரி முதல் வருடத்துக்கே இழுத்துப்போய்விட்டது.

கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊர். தோண்டத் தோண்ட வண்டல்தான். நாய் விரட்டக்கூட மண்ணாங்கட்டியைத்தான் தேட வேண்டும். அங்கிருந்து, வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் மிதித்த நான் போய் எடுத்த பாடம் நிலவியல்! கனிமங்களை நிறம் பார்த்துப் பிரிக்கக் கூடாது, உள்ளிருக்கும் வேதிப்பொருளைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். வகைக்கு ஒன்று பெட்டியில் இருந்தால்தான் செய்முறைத் தேர்வு. வேதாரண்யத்து அளத்திலிருந்து உப்பும் ஜிப்சமும் வந்தன. சுண்ணாம்புக்கல்லும் இரும்புத்தாதும் தோழிகள் தந்தார்கள். எந்தக் கருங்கல்லிலும் கிடைப்பதுதானே என்று சிலிக்கேட்டை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

எங்கள் வீட்டில் கருங்கல் இரண்டே. அம்மியைத் தொட்டால் கையை உடைப்பேன் என்றாள் அம்மா. மிச்சம் எல்லைக்கல். குடிமனைப் பட்டா கிடைத்தபோது சர்வேயர் நட்டது. அந்த நிலத்தை விட மனமில்லாத பண்ணையின் ஆட்கள் இரண்டு முறை பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அப்பா எழுந்ததும் முதலில் அதை ஆட்டிப் பார்ப்பார்.

"அதுலேருந்து ஒரு சில்லு போதும்ப்பா."

"கல்ல மாத்திட்டான்னு கேஸு போடுவான் தாயி. மனையே போயிடும்."

நாலாம் நாள் காலை அப்பா தலையாரியையும், விவசாயத் தொழிலாளர் சங்கத்து மாணிக்கம் மாமாவையும், பண்ணைக் காரியக்காரரையும் வாசலுக்கு அழைத்து வந்து நிறுத்தினார்.

"நல்லா பாத்துக்கங்க. கல்லு நட்ட எடத்துலயேதான் நிக்குது. பொண்ணு கல்ல வகை பிரிக்கிற படிப்பு படிக்குது, அதுக்கு ஒரு துண்டு எடுக்குறேன்."

காரியக்காரர் சிரித்தார். "கல்லுக்கும் சாதி பிரிக்கப் போவுதாடா ஒம் பொண்ணு?"

"ஆமாங்க. ஆனா எங்க பொறந்துச்சுன்னு பாக்க மாட்டோம். உள்ள என்ன இருக்குன்னுதான் பாப்போம்," என்றேன். பிறருக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் நடுங்கியதை விட்டுவிடுவேன்.

மாமாவின் சிரிப்பு அடங்குமுன் அப்பா உளியை வைத்துத் தட்டிவிட்டார்.

"இது கனிமம் இல்லம்மா, பாறை. பல கனிமம் சேந்தது," என்றார் கல்லூரியில் ஆசிரியர். என் முகம் தொங்கிப்போயிற்று. அவர் காட்டியபடி சில்லிலிருந்து ஊசியால், சிலிக்கேட் வகையான கறுப்பு மைக்கா ஏடு ஒன்றைப் பெயர்த்த பிறகே பெட்டி நிறைந்தது. அந்தப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்பாதான் இல்லை.

போன மாதம் ஊருக்குப் போனேன். சாலை அகலமாகியிருந்தது. எல்லையில் சிமெண்டுக் கட்டை. பழைய கல் எங்கே என்று தம்பியைக் கேட்டேன்.

"ஜல்லியோட அள்ளிட்டுப் போயிட்டாங்கக்கா."

"யாரக் கூப்பிட்டு வச்சு எடுத்தாங்க?"

தம்பி என்னை விநோதமாகப் பார்த்தான். "ஒரு கல்ல எடுக்க யாரக் கூப்பிடணும்க்கா?"