எபெத்மெலேக் என்று பெயர் வைக்கப்பட்டவன்

காலை பதினொன்றேகாலுக்குப் பாண்டியம்மாளின் அழைப்பு வந்தபோது, ஆஷா ஏற்றுமதி அலுவலகத்தில் ஒரு குழந்தைச் சட்டையின் கழுத்தை அளந்துகொண்டிருந்தாள். பாண்டியம்மாள், ஆஷாவின் அண்ணன் வேலை பார்த்த, பனியன் கழிவுத் துணி வாங்கி விற்கும் வேஸ்ட் குடோனில் துணி பிரிப்பவள். வேலை நேரத்தில் போன் செய்கிறவள் அல்ல.

"ஆஷா, பக்கத்துச் சாயப்பட்டறைத் தொட்டிக்குள்ள உங்கண்ணன் எறங்கிட்டான். இப்பத்தான் தூக்குனாங்க. மூச்சு இருக்கு. பெரியாஸ்பத்திரிக்கு வா தாயி."

மூச்சு இருக்கிறது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு ஆஷா வண்டியை எடுத்தாள்.

அண்ணன் பெயர் எபெத்மெலேக். அப்பா ஜெபக்குமார் சாத்தான்குளத்துப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர். முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளில், தாவீது என்றோ சாமுவேல் என்றோ வைக்கலாமே என்று ஆயர் கேட்டாராம். "அதெல்லாம் சொந்த ஊர்ல இருக்கவங்க பேருய்யா. நாம அசலூர்ல வந்து கெடக்கோம்லா" என்றாராம் அப்பா.

வேதத்தில் எபெத்மெலேக்குக்குச் சிறிய இடம்தான். எருசலேம் அரண்மனையில் வேலை பார்த்த எத்தியோப்பியன். எரேமியா தீர்க்கதரிசியைப் பெரிய மனிதர்கள் சேறு நிறைந்த குழியில் இறக்கிவிட்டபோது, ராஜாவிடம் போய் அது அநியாயம் என்று சொன்னவன் அந்த வெளியூர்க்காரன்தான். கயிற்றோடு பழைய கந்தைத் துணிகளையும் கீழே விட்டான். கயிறு அறுத்துவிடாமல் இருக்கத் துணியை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லி, எரேமியாவை மேலே தூக்கினான். பெயருக்கு ராஜாவின் ஊழியன் என்று பொருள். அது பெயரே அல்ல, வெறும் பதவியாக இருக்கலாம் என்றும் சிலர் எழுதியிருந்ததைக் கல்லூரி நாளில் ஆஷா படித்தாள். அண்ணனிடம் சொன்னாள்.

"அப்போ எனக்குப் பேரே வைக்கலன்னு சொல்லுத. அப்பாட்ட சொல்லிராத, புதுசா ஒண்ணு தேடக் கெளம்பிருவாவ" என்று சிரித்தான்.

குடோனில் சேர்ந்த அன்று முதலாளி சுப்பையன் பெயரை இரண்டு முறை கேட்டுவிட்டு, "இத முழுசாக் கூப்படறதுக்குள்ள பொழுது உளுந்துரும் கண்ணு. மெலேக்குன்னே கூப்படறன்" என்றார். பொருள் தெரிந்தபின் பாண்டியம்மாள் சும்மா விடவில்லை. "ராஜா வீட்டு வேலைக்காரனாமே. ராஜா யாருப்பா, நம்ம சுப்பையனய்யாவா?"

"ராஜா எவனா இருந்தா என்னக்கா, மூட்டைய நாமதான தூக்கணும்?"

அந்தக் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. நகரம் பகைவர் கையில் விழும் நாளிலும் எபெத்மெலேக் சாகமாட்டான், அவன் உயிர் தப்பும் என்று கடவுள் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணனின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பா அதைச் சத்தமாக வாசிப்பார். ஆஷா அப்போதெல்லாம் கேக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று மேம்பாலத்தில் லாரிகளுக்கு நடுவே நின்றபோது அந்த வாக்கை முழுதாக நம்பினாள். சொன்னால் சொன்னதுதானே என்று கடையில் பேரம் முடித்தவளைப் போல உள்ளுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் சுப்பையன் நின்றிருந்தார். வேட்டி முழங்கால்வரை நீலமாகியிருந்தது.

"போகாதன்னு கத்தறதுக்குள்ள எறங்கிட்டானுங்க அம்மணி. ஒடிசாக்காரப் பையன் பிஜய், தொட்டி கழுவ எறங்குனவன், உள்ள வெசவாயு தாக்கி மயங்கிக் கெடந்தான். மெலேக்கு மூஞ்சில ஈரத்துணியக் கட்டிக்கிட்டு, மூட்டை கட்டற கயித்தோட போனான். அந்தப் பையன் கக்கத்துல வேஸ்ட்டுத் துணியச் சுருட்டி வெச்சுக் கட்டிட்டு, இழுங்கன்னான். இழுத்துட்டமுங்க."

"அப்புறம்?"

சுப்பையன் சுவரைப் பார்த்தார். "மெலேக்கு இன்னும் உள்ள. கயித்தத் திருப்பி உடலாம்னா, பையன் மேல முடிச்சு எறுகிப்போச்சு, அவுக்க முடியலீங்க. கத்தியத் தேடி ஒருத்தன் ஓடுனான். அதுக்குள்ள நாந்தான் துணிய எடுத்து உட்டனுங்க. கைக்குக் கெடச்ச பனியன் துணி."

தலை நுழையவும் கை நுழையவும் நீண்டு கொடுப்பதற்காகவே பின்னப்படுகிற துணி அது. ஊரே அந்த நீட்சியில்தான் சாப்பிடுகிறது.

"கையில சுத்திப் புடிச்சானுங்க. நாலு பேரு சேந்து இழுத்தோம். துணிதான் நீண்டுக்கிட்டே வந்துச்சு, ஆளு வர்லீங்க. கயித்த அறுத்துக் கொண்டாரதுக்குள்ள கை உட்டுட்டான்." பிறகு, "நாப்பது வருசமா இந்தத் துணிய இழுத்து இழுத்துப் பாத்துத்தான் வாங்கறனுங்க" என்றார்.

பொது வார்டில் பிஜய் கண் விழித்துவிட்டான் என்று மதியம் சொன்னார்கள். ஆஷா போய்ப் பார்த்தாள். அவள் யாரென்று பாண்டியம்மாள் சொன்னதும் அவன் எழுந்து உட்கார முயன்றான். "அண்ணா எங்க?" என்று தமிழில் கேட்டான். கயிற்றில் தொங்கி வந்த அந்த உடம்பின் அக்குளில் ஒரு கீறல்கூட இல்லை. பிழைக்க வேண்டிய ஒருவன் பிழைத்துவிட்டான், இன்னொருவனும் பிழைப்பான் என்று கணக்குப் போட்டபடி மாடியேறினாள். அண்ணனின் விரல் ஒன்று அசைந்ததாக நர்ஸ் சொன்னாள். அப்பா வந்து சேர்ந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு டாக்டர் வெளியே வந்து, அப்பாவின் பெயரைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அந்தக் கேள்வியிலேயே ஆஷாவுக்குத் தெரிந்துவிட்டது.

படிக்கட்டில் வைத்து அவள் கேட்டாள். "உயிர் தப்பும்னு வருசா வருசம் வாசிச்சீங்களேப்பா."

ஜெபக்குமார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது வேதத்துல உள்ள அவனுக்குச் சொன்னதும்மா. நம்ம பிள்ளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. யாரும் சொல்லாமத்தான் எறங்கியிருக்கான்."

அடக்கம் முடிந்த மறுநாள் சுப்பையன் குடோனைத் திறந்தார். பாண்டியம்மாள் மற்ற வேலைகளைத் தொடங்கிவிட்டாள். வாசலோரத்தில் மெலேக் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணி மூட்டையின் வாய் மட்டும், அவன் விட்டு ஓடிய இடத்தில் பாதியோடு இருக்கிறது. கோணி ஊசியில் சணல் கோத்தபடியே நிற்கிறது.