பினாங்கில் இறங்கிக்கொண்டவர்

எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு மகள் கப்பல் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தாள். கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, பினாங்குக்கும் பூக்கெட்டுக்கும் போய், ஐந்தாம் நாள் மறுபடி கிள்ளானிலேயே வந்து இறங்கும் பயணம். அவள் ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அங்கே கூட வேலை செய்கிறவர்கள் பலரும் அம்மா அப்பாவை இப்படி அனுப்பி வைத்திருந்தார்களாம்.

என் கணவர் அப்போதுதான் வேலையை விட்டு நின்றிருந்தார். முப்பத்தைந்து வருடம் பக்டரி பஸ் ஓட்டியவர். விடியற்காலையில் அசாம் ஜாவாவிலிருந்து கிளம்பி, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் நின்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டு ரவாங் தொழிற்சாலைகளில் கொண்டுபோய் இறக்குவார். தோட்டத்து லயத்து வீடுகளின் கோடியில் சாப்பாட்டுப் பையோடு காத்துக்கொண்டிருந்த பெண்களில் நானும் ஒருத்தி. அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. கல்யாணத்துக்குப் பிறகும் இருபது வருடம் அதே பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன்.

கப்பலில் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவர் டிரைவரைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"இத யாரு ஓட்டுறாங்க? எங்க உட்கார்ந்து ஓட்டுறாங்க?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? பத்தாவது மாடி வரை ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே கதவு பூட்டியிருந்ததாம், ஆட்கள் போகக்கூடாது என்று எழுதியிருந்ததாம். கீழே வந்து, பதவிசாகப் பேசும் ஒரு பிலிப்பினோப் பையனிடம் மலாயில் விசாரித்தார். அவன் சிரித்துக்கொண்டே நீச்சல் குளத்துக்கு வழி காட்டினான்.

எங்கள் அறையில் ஜன்னல் இருந்தது, ஆனால் திறக்க முடியாது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. கழுத்தில் மாட்டச் சொல்லிக் கொடுத்த அட்டையைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் படுக்கை கொடுக்கும்போது இப்படித்தான் செய்வார்கள் என்றார். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் தட்டோடு வரிசையில் நின்றதைப் பார்த்ததும் அவருக்குப் பசியே போய்விட்டது. ஒரு துண்டு ரொட்டியைத் தின்று காப்பியைக் குடித்துவிட்டு, மேல் தளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். எத்தனை சுற்று என்று எண்ணியிருக்கிறார். நாற்பத்தொன்றாம் சுற்றில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் ஒரு சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருந்தேன். ஏறினதிலிருந்து எனக்கு ஒருவித மயக்கம். தலைசுற்றல் இல்லை. வெயிலில் காய்ந்த துணியை மடிக்கும்போது கைக்கு ஒரு சூடு வருமே, அந்தச் சூடு உடம்பு முழுக்கப் பரவியது போல. துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அப்புறம் சதுப்புக் காடு போயிற்று. நான் எதுவும் செய்யவில்லை, எல்லாம் தானாக நகர்ந்தது.

மாலை ஆறு மணி இருக்கும். அவர் திடீரென்று எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரை தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் ஓர் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு மேடு. மேற்கு வெயில் அதன்மேல் விழுந்து பச்சையும் பொன்னுமாக இருந்தது.

"நம்ம மலை," என்றார். "மேல பாரு, விளக்குக் கம்பம் தெரியுது."

எங்கள் ஊர் கோலசிலாங்கூரின் குன்றைத்தான் சொன்னார். அது உண்மையிலேயே அந்தக் குன்றுதானா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. அதன் உச்சியிலுள்ள கலங்கரை விளக்கம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அதுதான் என்று நானும் நம்பினேன். அந்த மேட்டுக்குப் பின்னால் ஆறு, ஆற்றைத் தாண்டி சந்தை, அதையும் தாண்டி எங்கள் தாமான் குடியிருப்பு, பூட்டிய எங்கள் வீட்டுக் கதவு, கொடியில் நான் எடுக்க மறந்துவந்த துண்டு. எல்லாம் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. இத்தனை வருடம் நான் ஓடியாடி வேலை செய்த இடம் இவ்வளவுதானா என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நிம்மதியாகவும் இருந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிப்போன பிள்ளையின் முகம். அந்த மேடு மறையும் வரை அவர் கம்பியை விடவில்லை.

மறுநாள் காலை பினாங்கில் கப்பல் நின்றது. நான் குளித்துவிட்டு வந்தபோது அவர் சட்டை மாற்றி, சப்பாத்து போட்டு, தன் சின்னப் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முந்தின இரவு அவர் கண்ணே மூடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"நான் இங்கயே இறங்கிக்கிறேன்," என்றார். "பஸ் புடிச்சி வீட்டுக்குப் போயிடுறேன்."

நான் என் பெட்டியை எடுத்துத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். அவர் போனால் நானும் போகத்தானே வேண்டும். இரண்டு புடவை, ஒரு கைலி, பவுடர் டப்பா என்று பாதி அடுக்கியும்விட்டேன். அப்போது கப்பல் மெல்ல ஓர் அசைவு அசைந்தது. கட்டிவைத்த கப்பலும் மூச்சு விடுமோ என்னவோ. நான் கையில் துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"நான் வரலைங்க," என்றேன்.

என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. பஸ் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார்.

"பயமா இருக்காதா, தனியா?"

"தெரியல. இருந்து பாக்குறேன்."

கீழே ஒரு மேசையில் ஃபாரம் நிரப்பிக் கொடுத்தார். உடம்பு சரியில்லையா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, உடம்புக்கு ஒன்றுமில்லை, ஊருக்குப் போக வேண்டும் என்றாராம். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. நான் மேல் தளத்துக்குப் போய் எட்டிப் பார்த்தேன். நீலச் சட்டையும் சின்னப் பையுமாகக் கூட்டத்தில் நடந்து போனார். துறைமுக வாசலில் நின்று, திரும்பி, கையை உயர்த்தி ஆட்டினார். நான் இருந்தது கப்பலின் ஒரு கோடியில், அவர் கையாட்டியது மறு கோடியைப் பார்த்து. அங்கே நின்றிருந்த ஒரு சீனக் குடும்பம் பதிலுக்குக் கையாட்டியது. அவர் திருப்தியோடு வாசலைத் தாண்டிப் போனார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கட்டின புருஷனைப் பாதி வழியில் இறக்கிவிட்டவள் என்று சொந்தக்காரர்கள் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு சொல்லவும் சொன்னார்கள்.

மத்தியானம் போனில் அவர் செய்திகள் வர ஆரம்பித்தன. ஃபெரிப் படகில் அக்கரைக்குப் போய் பஸ் ஏறிவிட்டார். டிரைவருக்குப் பக்கத்திலேயே முன் சீட்டு கிடைத்துவிட்டது. 'நல்லா ஓட்டுறான். வளைவுல பிரேக் போடாம கியர்ல எறக்குறான்' என்று எழுதியிருந்தார். ஈப்போ தாண்டியதும் ஒரு படம், சுண்ணாம்பு மலையின் பாதியும் கண்ணாடித் துடைப்பானும். நேராகக் கோலாலம்பூர் போகாமல் தஞ்சோங் மாலிமில் இறங்கி, பழைய சாலையில் போகும் ஊர் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். 'சும்மாதான்' என்று பதில் வந்தது. கெர்லிங்கில் இறங்கித் தேநீர் குடித்ததற்கு ஒரு படம், அடுத்த பஸ்ஸுக்காக மழையில் நின்றதற்கு ஒரு படம். அத்தனை படம் அவர் வாழ்நாளில் எடுத்ததில்லை. கப்பல் பினாங்கை விட்டு நகர்ந்து, போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தபோது கடைசிச் செய்தி வந்தது. 'ரவாங் வந்தாச்சி. மவ காரோட நிக்கிறா. நீ சாப்பிடு.'

அதற்குப் பிறகு யாரிடமிருந்தும் எதுவும் வரவில்லை.

அடுத்த இரண்டு நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பூக்கெட்டில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. காலியான தளத்தில் நானும் தண்ணீரும்தான். கண்ணை மூடினால் தோட்டத்து வாசலில் பஸ்ஸுக்காக நிற்கிற பெண்ணாக இருந்தேன், திறந்தால் வெளிச்சமாக இருந்தது. அப்போதெல்லாம் வீட்டில் எழுந்தது முதல் தண்ணீர், சமையல், தம்பிகள். பக்டரிக்குள் போனால் சூப்பர்வைசர். நடுவில் அந்த முக்கால் மணி நேரம் மட்டும் யாருடையதும் இல்லை. தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஜன்னலில் தலையைச் சாய்த்திருப்பேன். செம்பனை வரிசைகள் சீப்பின் பற்கள் போலக் கண்ணிமைக்கு மேல் ஓடும். பக்டரி வாசலில் பஸ் நிற்காமல் அப்படியே போய்விட்டால் என்ன என்று தினமும் நினைத்திருக்கிறேன். தினமும் நின்றது. இந்தக் கப்பல் நின்றாலும் நான் இறங்க வேண்டியிருக்கவில்லை. நான் அதில் மனம் நிறையக் கிடந்தேன்.

நான்காம் நாள் என் பக்கத்து நாற்காலியில் ஒரு முஸ்லிம் அம்மா வந்து உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்றார். விசாரித்ததில், கோலசிலாங்கூர் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பம். நான் எத்தனையோ தடவை அங்கே ரொட்டி சானாய் பொட்டலம் வாங்கியிருக்கிறேன். அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டேன். என்னைத் தங்கச்சி என்றார். இது அவருக்கு மூன்றாவது பயணமாம். வீட்டுக்காரர் கடையை விட்டு வரமாட்டார் என்பதால், ஒரு தடவை மகனோடு வந்தது போக, தனியாகவே வருகிறாராம்.

"அந்த மேசையப் பாரு, தங்கச்சி," என்றார். யாரோ சாப்பிட்டுவிட்டுப் போன தட்டுகளும் கவிழ்ந்த ஒரு கிளாசும் கிடந்தன. "எச்சித் தட்டு கிடக்கு. நான் எந்திரிக்கல. இதுக்காகத்தான்லா வர்றேன்."

அவர் சொன்னதும் இருவரும் அந்த மேசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். காக்கிச் சட்டை போட்ட ஒரு சிப்பந்தி வந்து துடைத்துவிட்டுப் போனார். என் கணவர் பினாங்கில் இறங்கிப் போனதை ராத்தாவிடம்தான் முதன்முதலில் சொன்னேன். ராத்தா சிரிக்கவில்லை. தன் மகனைக் கூட்டிவந்த வருடம் அவன் சாப்பாட்டுக் கூடத்தில் நின்று, ஆட்கள் பரிமாறுவதில் எங்கெங்கே தவறு என்று குறித்துக்கொண்டே இருந்தானாம். சிலரால் வேலையைக் கரையில் வைத்துவிட்டு வர முடியாது, அது அவர்கள் குற்றமில்லை என்றார்.

ஐந்தாம் நாள் கிள்ளானில் என் கணவர் காரோடு நின்றுகொண்டிருந்தார். நான் இல்லாத நாட்களில் கொடியில் கிடந்த துணியைக்கூட எடுத்து மடித்து வைத்திருந்தார். காப்பார் வழியாக வந்து ஜெராமில் மீன் சாப்பிட நிறுத்தினோம். அலை இல்லாத கடல், சேற்றில் கொக்குகள். எனக்கு இன்னும் தரை ஆடிக்கொண்டிருந்தது.

"எப்படி இருந்திச்சி?" என்று கேட்டார்.

சொல்லப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காததை எப்படிச் சொல்வது? நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் வைத்தார். பிறகு தலையைத் தூக்காமலே பேசினார்.

"பஸ் ஓட்டுறப்ப பின்னால நாப்பது பேரும் தூங்குவீங்க. கண்ணாடியில பார்ப்பேன். நான் ஒரு நிமிசம் கண்ண மூடினா என்ன ஆவும்னு தெனமும் நெனப்பேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. கப்பல்ல படுத்தா அதே நெனப்பு. ஓட்டுறவன் முகத்த நான் பாக்கல. அவன் முழிச்சிருக்கானா இல்லையான்னு தெரியாம எப்படித் தூங்குறது?"

இருபது வருடத்துக்கு மேல் அவர் முதுகுக்குப் பின்னால் நான் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அது என் நேரம், யாருடையதும் இல்லாத நேரம் என்றுதான் கப்பலில்கூட நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவர் எனக்குக் கொடுத்த நேரம். அவர் தட்டில் இன்னும் ஒரு துண்டு மீனை வைத்தேன்.

"நீ திரும்பவும் போறதுன்னா போ," என்றார். "நான் கொண்டாந்து விடுறேன்."

மகளுக்குத்தான் கொஞ்ச நாள் வருத்தம். தன் பரிசு வீணாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அப்பா பஸ்ஸில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அவளுக்கு விளக்கிக் காட்டிய பிறகு சமாதானமானாள்.

மறுவருடம் ராத்தாவும் நானும் சேர்ந்து போனோம். எங்கள் இரண்டு பேரையும் அவர்தான் கிள்ளானில் கொண்டுவந்து விட்டார். அந்த நாலைந்து நாளும் அவர் காரை எடுத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு ஊர் சுற்றினார். பினாங்கைத் தாண்டிய பிறகு கடலில் எனக்கு ஒரு செய்தியும் வரவில்லை. திரும்பி வரும் வழியில் கரை நெருங்கியதும் போன் விழித்துக்கொண்டு படங்களைக் கொட்டியது. அதில் ஒரு படம் அம்பாங் பெச்சாவில் சாலையோரம் காரை நிறுத்தி எடுத்தது. கண்ணாடி முழுக்க மழை, அதற்கு அப்பால் பச்சையாக ஏதோ கலங்கித் தெரிந்தது. ராத்தாவிடம் காட்டினேன். படத்தின் தேதிப்படி, நான் அதைப் பார்க்கும்போது அந்த மழை நின்று மூன்று நாள் ஆகியிருந்தது.