இரவல் சோபாவும் சொந்த மிக்சியும்

வெண்மதி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஓர் ஏணியின் உச்சியிலிருந்து. சின்னையன் எங்கள் முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். பிரசவத்துக்காகத் தாய்வீடான சேத்தியாத்தோப்புக்குப் போயிருந்த அவன் மனைவி அமராவதிக்குப் பெண் பிறந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னான். அவன் இறங்கக்கூட இல்லை. "அத்தே! பொண்ணு! பேரு வெண்மதி!" என்று மேலே இருந்தபடியே கத்தினான். கையிலிருந்த சுண்ணாம்பு மட்டை என் தலையில் சொட்டியது.

"பேரு நல்லாத்தான்டா இருக்குது. மட்டய அந்தாண்ட திருப்பு" என்றேன்.

சின்னையன் என் வீட்டுக்காரருடைய அத்தையின் பேரன். அதனால் நான் அவனுக்கு அத்தை, அமராவதிக்குப் பெரியம்மா, வெண்மதிக்கு ஆயா. சந்தேகம் இருப்பவர்கள் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு வந்தால் நாலு தலைமுறையைப் பிரித்துச் சொல்கிறேன்.

வெண்மதி நன்றாக வளர்ந்தாள், நன்றாகப் படித்தாள். ஒரே ஒரு குறை, அவளுக்குப் பொய் வராது. பக்கத்து வீட்டு ராபர்ட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது ஒன்பது வயதுப் பிள்ளையாயிற்றே என்று இவளையும் அழைத்துப் போனோம். பெண்ணின் தகப்பனார், "மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் எதுனா உண்டுங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நாங்கள் தொண்டையைச் செருமுவதற்குள், "ஞாயித்துக்கெழம மட்டும்" என்றாள் வெண்மதி. கேசரி வருவதற்கு முன்பே நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டோம். பிறகு வேறு இடத்தில் ராபர்ட்டுக்குப் பெண் அமைந்தது. அந்தப் பெண் சீராகக் கொண்டுவந்ததுதான் தெருவிலேயே ஒரே சோபா. இன்றுவரை அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை.

பிளஸ் டூ முடித்து, ஒரு வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து படித்து, வெண்மதி சிதம்பரத்தில் டாக்டர் படிப்புக்கு இடம் வாங்கினாள். தெருவே வெடி வெடித்தது. வெடித்து முடித்த பிறகுதான் ஃபீஸ், விடுதி, சாப்பாடு, புத்தகம் என்று ஒவ்வொன்றாக வந்தது. அவள் படித்தது மிஷன் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள சலுகையும் கிடையாது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டவில்லை என்றால் இடம் போய்விடும். போனால் என்ன செய்வது என்று சின்னையன் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலைகூடப் பேசி வைத்திருந்தான்.

அப்போதுதான் அவளுடைய டீச்சர் ஒரு வழி சொன்னார். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நம் பக்கத்து டாக்டர்கள் சிலர் சேர்ந்து, வசதியில்லாத பிள்ளைகளை ஆளுக்கு ஒருவராக எடுத்துப் படிக்க வைக்கிறார்கள். அதில் ஒருவர் பவானி, சிதம்பரத்துக்காரர். லீவில் தாய் வீட்டுக்கு வந்திருந்தார். புதன்கிழமை வீட்டுக்கு வந்து குடும்பத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

சர்டிபிகேட் வேலையாக வெண்மதி அன்று சிதம்பரம் போய்விட்டாள். அவள் வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இங்கிலாந்திலிருந்து வருகிற டாக்டரைத் தரையில் உட்கார வைப்பதா? யோசனை சொன்னது நான்தான், மறைப்பானேன். ராபர்ட்டின் சோபா உறையோடு வந்தது. எதிர்வீட்டுச் சுப்பராயலு தன் ஆளுயர ஃபிரிட்ஜை நாலு பேரை வைத்துத் தூக்கிவந்தார். அதைச் சொருகத் தோதான பெரிய பிளக் அங்கே கிடையாது, அதனால் சும்மா நின்றது. என் பங்குக்கு வெள்ளி டம்ளர். சின்னையன், செம்மண்டலத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்தபோது மிஞ்சிய பெயிண்டைக் கொண்டுவந்து முன்சுவரில் மேலே மஞ்சள், நடுவில் ரோஸ், கீழே பச்சை என்று அடித்துவிட்டான். ஏதோ கட்சிக்கொடி மாதிரி இருந்தாலும் பளபளவென்றுதான் இருந்தது.

டாக்டர் பவானி வந்தார். சோபாவில் உட்கார்ந்து கொஞ்சம் வழுக்கினார். "ஃபிரிட்ஜு பெருசா இருக்குதே" என்றார்.

"ஏதோ இருக்குதுங்க" என்றாள் அமராவதி அடக்கமாக.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பெயிண்டிங் கான்ட்ராக்டுங்க" என்றான் சின்னையன். ஏணியும் மட்டையும் என் வீட்டுக் கொல்லையில் ஒளிந்திருந்தன.

டாக்டர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வெள்ளி டம்ளரில் பாதி காபி மீதி இருந்தது.

சாயந்திரம் வெண்மதி வந்து வாசலில் நின்று, வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று ஒருமுறை தெருவைப் பார்த்தாள். அதற்குள் அவள் போனில் டாக்டரிடமிருந்து செய்தி வந்துவிட்டது. வாய்விட்டுப் படித்தாள்: "உங்கள் குடும்பம் நல்ல நிலையில் இருப்பதைப் பார்த்து மகிழ்ச்சி."

"பாத்தியா, மகிழ்ச்சின்னு போட்ருக்காங்க!" என்றாள் அமராவதி.

"இன்னும் இருக்குதும்மா. 'உங்களைவிடத் தேவை அதிகமுள்ள வேறொரு பிள்ளைக்கு இந்த உதவியைக் கொடுக்கிறோம்.'"

வெண்மதி அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டாள். "மேடம், சோபா ராபர்ட் மாமாது. ஃபிரிட்ஜு சுப்பராயலு பெரியப்பாது. டம்ளரு எங்க ஆயாது. சொவரு மட்டும் எங்களுது. பெயிண்டு மூணு வீட்டுது. அப்பா கூலிக்குத்தான் போறாரு."

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நாளைக்கி வரேன். எப்பன்னு சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டார்.

சோபாவும் ஃபிரிட்ஜும் ராத்திரியே வீடு திரும்பிவிட்டன. மறுநாள் காலையில் வெண்மதி ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரம் பார்த்து ராபர்ட் தெரு ஆட்களை ஒன்று சேர்த்தான். "மச்சான், நேத்து ஜாஸ்தியா காட்டித்தான் கோட்ட உட்டோம். இன்னிக்கி ஒண்ணுமே இருக்கக் கூடாது." சொன்னதோடு இல்லை, சின்னையனுடைய சொந்த மிக்சி, மேசை ஃபேன், கட்டில் எல்லாவற்றையும் தூக்கித் தன் வீட்டில் அடுக்கிவிட்டான். சுப்பராயலு சுவரைப் பார்த்தார். "இதுல கொஞ்சம் சேறு பூசிடலாமா?"

"நா அடிச்ச பெயிண்ட்லயா? தொழிலுக்கே அவமானம்யா!" என்று சின்னையன் சுவருக்குக் குறுக்கே நின்றுகொண்டான்.

வெண்மதி திரும்பி வந்தாள். "ஃபேனு எங்கம்மா?"

"ராபர்ட் மாமா ஊட்ல. நாம ஏழைன்னு தெரியணுமில்ல?"

"நாம ஏழதானம்மா. அதுக்கு எதுக்கு வேஷம்? எல்லாத்தயும் எடுத்தாங்க!"

ராபர்ட் தலையைச் சொறிந்துகொண்டே கட்டிலைக் கொண்டுவந்து போட்டான். அடுத்த நடையில் மிக்சியைத் தோளில் வைத்துக்கொண்டு அவனும், ஃபேனைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு சுப்பராயலுவும் தெருவைக் கடக்கும்போது டாக்டரின் கார் வந்து நின்றது.

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?" என்றார் டாக்டர்.

"ஐயோ இல்ல டாக்டரம்மா! இது அவுங்களுதுதான். காலைல நாங்கதான் எங்க ஊட்டுக்குத் தூக்கினு போனோம்" என்றான் ராபர்ட்.

"எதுக்கு?"

ராபர்ட் மிக்சியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். டாக்டர் வெண்மதியைப் பார்த்தார். "நேத்து நீ சொன்னத நம்பித்தான் வந்தேன். சரி, நா கெளம்பறேன்."

பொய்யே பேசாத பிள்ளை பொய்க்காரியாக நின்றாள். ஆனால் கார்க் கதவு திறப்பதற்குள் அவளுக்குப் புத்தி வேலை செய்தது.

"மேடம், ஒரே நிமிஷம். அந்த மிக்சிய ராபர்ட் மாமாவ ஓட்டச் சொல்லுங்க."

ராபர்ட் உள்ளே போய்ச் சொருகித் திருகினான். சத்தமில்லை. மறுபடி திருகினான். சுப்பராயலு வந்து மூன்று பக்கமும் திருகிப் பார்த்து, "செத்துப்போச்சு" என்றார்.

"அம்மா, நீ ஓட்டு."

அமராவதி முந்தானையைச் செருகிக்கொண்டாள். மிக்சியின் இடது காலுக்கு ஒரு தீப்பெட்டியை அண்டை கொடுத்தாள். மூடியை முழங்கையால் அமுக்கினாள். பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைத்தாள். கர்ர்ரென்று ஓடியது. கவர்மெண்ட் கொடுத்து வருடக்கணக்காகிறது, அவள் அடி மட்டும்தான் அதற்குத் தெரியும்.

டாக்டர் வாசற்படியில் ஒரு காலை வைத்தார். "அந்த ஃபேனு?"

சின்னையன் துடைப்பக் குச்சியை எடுத்து இறக்கையை ஒரு தள்ளு தள்ளினான். முனகிக்கொண்டு சுற்றியது. டாக்டர் கட்டிலில் உட்காரப் போனார். "அந்த ஓரம் வேணாம் மேடம், சாஞ்சிடும்" என்றாள் வெண்மதி. டாக்டர் இந்த ஓரமாக உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை.

"இந்த வீட்ல எதுதான் தட்டாம ஓடும்?"

"இவர மட்டும் உட்டுட்டீங்களே" என்று அமராவதி புருஷனைக் காட்டினாள். "இவருக்கும் ரெண்டு தட்டு தட்டுனாத்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டர் கேட்டார். "சோபா யோசன யாருது?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஏம்மா, நா என்ன பொண்ணு பாக்கவா வந்தேன்?"

"பின்ன? வருசக்கணக்கா செலவு பண்ணப் போறீங்க. ஒண்ணுமில்லாத குடும்பத்த நம்பி யாருங்க குடுப்பா?" என்றேன்.

டாக்டர் முனகிச் சுற்றும் ஃபேனை ஒருமுறை பார்த்தார். பிறகு வெண்மதியைப் பக்கத்தில் கூப்பிட்டார். "குரூப்ல வேற புள்ளைக்கின்னு முடிவாயிடுச்சு, அத மாத்த மாட்டேன். உன்ன நா தனியா பாத்துக்கறேன். நாளைக்கே பணம் கட்டிடலாம்."

வெள்ளிக்கிழமை கட்டிவிட்டார்கள். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சின்னையன் நேரில் போய், வேலைக்கு ஆள் வராது என்று சொல்லிவிட்டு வந்தான்.

வெண்மதி இப்போது சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். மூன்றாம் வருடம் படிக்கிறாள்.