சைபர் போட மனம் வராத கட்டம்

மின்துறையின் புள்ளிவிவரப் பிரிவில் அவளுக்கு 'அட்டவணைக்காரி' என்று பெயர் விழுந்து இருபத்தொரு வருஷம் ஆகிறது. எந்த நாடு அணு உலையிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று ஆண்டு மலருக்கு அட்டவணை போடுவது அவள் வேலை. உலகத்தில் முப்பத்துச் சொச்ச நாடுகள்தான் அந்தப் பட்டியலில் வரும். மொத்த அளவில் அமெரிக்கா முதலிடம். நாட்டு மின்சாரத்தில் அணுவின் பங்கு என்று பார்த்தால் பிரான்ஸ் முந்திக்கொள்ளும்.

அவளுக்கோ எண்கள் எண்களாகத் தெரிவதில்லை. ஒரு எண்ணைத் தட்டினால் அந்த நாட்டு அடுக்களையில் யாரோ ஒருத்தி விளக்கைப் போடுவாள். குழந்தைக்குப் பால் சூடாகும். ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருக்கும். பாஸ்போர்ட்டே எடுக்காதவள் பதினோரு மணிக்குள் பாதி உலகத்தைச் சுற்றிவிட்டு, டீ வரும்போது நாற்காலிக்குத் திரும்புவாள். "இறங்கி வாங்கம்மா" என்று பக்கத்து மேஜைக்காரர் கிண்டல் செய்வார்.

இந்த வருஷம் சொந்த நாட்டின் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தச் சின்ன நாட்டில் இருந்த ஒரே அணு மின்நிலையத்தை மூடியாகிவிட்டது; கட்டத்தில் இனி சைபர்தான் போட வேண்டும். அந்த நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவள் கணவர். மூடிய நாளிலிருந்து மனுஷர் வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவதில்லை. ஆண்டு மலர் வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார். சைபரைப் பார்த்தால் நொறுங்கிப்போவாரே என்று பயந்தாள். சைபருக்குப் பதில் சின்னதாக ஒரு கோடு போட்டுவிட்டாள்.

பிரிவு அதிகாரி கண்ணில் எதுவும் தப்பாது. "கோடுன்னா தகவல் வரலைன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா? சாயங்காலம் அச்சுக்குப் போகுது, பாத்துக்குங்க."

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனவள், தட்டில் கை வைத்தபடியே கணவரிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்னை நெனச்சா கோடு போட்ட?"

"மனசு வரலைங்க."

"கோடு போட்டா எங்கேயோ தொலைஞ்சுபோச்சுன்னு ஆயிடும். நாங்க எதையும் தொலைக்கலை. கடைசி ஷிப்ட் என்னோடது. உலையை ஒவ்வொரு படியா இறக்கி, நான்தான் நிறுத்தினேன். அந்த சைபர் என் கையால வந்தது. அதை மறைக்காத."

இத்தனை நாள் பூட்டிக் கிடந்த வாய் திறந்ததே போதும் என்று அவளுக்கு அழுகை வந்தது. அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், கோட்டை அழித்துவிட்டு சைபரைத் தட்டினாள். கண்ணை மூடினாள். ஒவ்வொரு விளக்காக அணைந்துகொண்டிருந்த பெரிய அறையில், கடைசி சுவிட்சின் மேல் அவர் கை இருந்தது. அந்தக் கை தனியாக இருக்க வேண்டாம் என்று, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.